யூதாஸ் வேஷத்துக்கு ஆள் தேவை

சவேரியார்பட்டி,
புதுக்கோட்டை சமஸ்தானம்.
1930 பிப்ரவரி 12

சேசு மரி சூசை துணை.

லூர்துநாதனுக்கு அடைக்கலசாமி அண்ணாவியார் எழுதுவது. மருமகனே என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் ஆத்தா எனக்குத் தங்கச்சியாகப் பிறந்து தொலைத்ததால் பெயரைச் சொல்லியாவது எழுதுகிறேன்.

தபசுகாலத்துக்கு மூன்றே வாரம் இருக்கையில் எவனாவது ஊரை விட்டு ஓடுவானா? கங்காணி வந்தானாம், மலாய் நாட்டில் ரப்பர் மரம் பால் கொடுக்கிறது என்றானாம், நீ சொல்லாமல் கொள்ளாமல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிட்டாய். ஆண்டவர் பாடுபட்டதை நடிக்கிற பாஸ்கு நாடகத்துக்கு யூதாஸ் எங்கே? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஒத்திகைக்கு வந்து நின்றால், பதினொரு சீஷர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

நம் ஊர்க் கட்டு உனக்குத் தெரியாததல்ல. மறந்தவனுக்கு மறுபடி சொல்கிறேன். மற்ற சீஷர் வேஷமெல்லாம் நிலபுலம் உள்ள குடும்பங்களுக்குப் பாத்தியம். யூதாஸ் வேஷத்துக்கு மட்டும் பாத்தியக்காரன் கிடையாது. அந்த வருஷம் ஊரில் எவனுக்கு வேலை இல்லையோ அவன் கட்ட வேண்டும். கட்டுகிறவனுக்குத் தபசுகாலம் நாற்பது நாளும் வீட்டுக்கு ஒரு நாளாக ஊரார் சோறு போட வேண்டும். நாங்களெல்லாம் ஒருசந்தி இருந்து வாடிக் கிடக்க, யூதாஸ் மட்டும் மூன்று வேளையும் சாப்பிடுவான். ஏன்? அவன் வயிறு நிறைந்திருந்தால்தான், ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தது பசியால் அல்ல, பேராசையால் என்று சனங்களுக்கு விளங்கும். இது என் பாட்டனார் ஏட்டில் எழுதிவைத்த நியாயம்.

மூன்று வருஷமாக வேலை இல்லாமல் மூன்று தபசும் தின்றாய். முப்பத்தொன்பது வீட்டு முறையும் போக, மிச்சப்படுகிற நாற்பதாம் நாளும் என் வீட்டில்தான் தின்றாய். நான்காம் வருஷம் ஓட்டம். போகிற போக்கில் உன் ஆத்தாவை என் வீட்டுக்கு அனுப்பி என் மகள் அற்புதமேரியைப் பெண் கேட்கவும் சொல்லியிருக்கிறாய். யூதாஸ் கட்டியவன் அடுத்த பாஸ்கு வரை பெண் கேட்டுப் போகக்கூடாது, யூதாஸ் வீட்டுக்குப் பெண் கேட்டு யாரும் வரவும் கூடாது. அதுவும் ஏட்டில் இருக்கிறது. உனக்கு இன்னும் அந்தக் கெடு முடியவில்லை. முடிந்தாலும், நாளைக்கே மறுபடி வேலையில்லாமல் யூதாஸாகக்கூடிய ஒருவனுக்கு நான் பெண் கொடுக்கிறதாக இல்லை.

இன்னொன்று. யூதாஸ் தாடியைக் காணவில்லை. என் தகப்பனார் ஆட்டு மயிரில் கட்டியது. நீ எடுத்துப் போயிருந்தால் மரியாதையாகத் தபாலில் அனுப்பு.

அடைக்கலசாமி

*

கெடா, மலாய் நாடு.
1930 மார்ச் 23

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை, நாங்கள் குடியிருக்கிற கூலி லயத்தில் உரக்கப் படித்தேன். தப்பு செய்துவிட்டேன். இங்கே ஆவூர்ப் பக்கத்து ஆட்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். அதுவரை என்னை லூர்து என்று கூப்பிட்டவர்கள் இப்போது யூதாஸ் என்கிறார்கள்.

நான் சொல்லாமல் வந்தது குற்றம்தான். சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா? கண்மாய் இரண்டு வருஷமாக வறண்டு கிடக்கிறது. இலுப்பூரில் கேட்டேன், விராலிமலைச் சந்தையில் மூட்டை தூக்கவும் கேட்டேன். எனக்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள். வேலை இல்லாதவனுக்கு யூதாஸ் வேஷம். யூதாஸ் கட்டினவனுக்குப் பெண் இல்லை. பெண்ணும் இல்லை வேலையும் இல்லை என்றால் நான் அந்த ஊரில் எதைக் காவல் காக்க?

மூன்று தபசு தின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சோறு எப்படி இறங்கியது என்று கேட்டதில்லை. ஊரே ஒருசந்தி இருக்கிறது. நான் ஒருத்தன் மட்டும் இலை முன்னால். வீட்டுக்காரர், அவர் சம்சாரம், பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து என் வாயையே பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் மட்டும்தான் யாரும் பார்க்கவில்லை. அதற்கு மேல் இப்போது எழுத மாட்டேன்.

இங்கே விடியுமுன் பெரட்டுக்குப் போய் பெயர் கொடுத்துவிட்டு, பால் வெட்டக் கத்தியோடு மரத்துக்கு மரம் ஓடுகிறேன். வேலை இருக்கிறது. அதனால் நான் யூதாஸ் இல்லை. வருகிற பாஸ்குவோடு என் கெடு முடிகிறது. அதற்குப் பிறகு ஆத்தா மறுபடி வருவாள். கதவைச் சாத்தாதீர்கள்.

தாடி என் துண்டுக்குள் சுருண்டு கிடந்தது. தெரியாமல்தான் வந்துவிட்டது. தபாலில் அனுப்பப் போனேன். தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி பிரித்துப் பார்த்து, செத்த பிராணியை அனுப்பக்கூடாது என்றார்.

லூர்துநாதன்

*

சவேரியார்பட்டி.
1931 ஜனவரி 20

சேசு மரி சூசை துணை.

லூர்துநாதனுக்கு,

ரப்பர் விலை விழுந்துபோய், மலாய் நாட்டிலிருந்து ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்புகிறார்கள். நம் ஊருக்கு மட்டும் இருபத்தாறு பேர் வந்து இறங்கியாயிற்று. எல்லோரிடமும் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. ஒருவரிடமும் வேலை இல்லை.

விளைவைக் கேள். இந்தத் தபசுக்கு யூதாஸ் வேஷம் வேண்டும் என்று பதினொரு பேர் என் வாசலில் நிற்கிறார்கள். போன வருஷம் ஆள் கிடைக்காமல் சவரிமுத்துவின் கையைக் காலைப் பிடித்துக் கட்டவைத்தேன். இந்த வருஷம் நாற்பது நாள் சோற்றுக்காக ஒருவனை ஒருவன் காட்டிக்கொடுக்கிறான். ‘அண்ணாவியாரே, அவனுக்கு இலுப்பூருல வண்டி வேலை இருக்குங்க, மறைக்கிறான்’ என்று இவன் வருகிறான். ‘இவனுக்கு ரெண்டு வெள்ளாடு இருக்குங்க, அவன் எப்படி வேலையத்தவன்?’ என்று அவன் வருகிறான். இத்தனை வருஷத்தில் வேஷத்துக்கு இவ்வளவு பொருத்தமான ஆட்களை நான் கண்டதில்லை.

மிச்சம் இருப்பவர்களைச் சும்மா விட முடியுமா? ரோமாபுரிச் சேவகர்களாக்கிவிட்டேன். பழைய ஆட்களோடு சேர்த்து நாற்பது சேவகர்கள்! மண்ணெண்ணெய்த் தகரத்தில் குல்லா வெட்டி மாளவில்லை. ஒத்திகையில் நாற்பது பேரும் ஒரேயடியாக மேடை ஏறியதில் பலகை உள்வாங்கி, பிலாத்து ஆசனத்தோடு கீழே போய்விட்டார்.

உனக்கு அங்கே வேலை நிலைத்திருக்கிறது என்று உன் ஆத்தா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நிலைக்கட்டும். இப்போது வராதே. வந்தால் பன்னிரண்டாவது யூதாஸ் நீதான்.

அடைக்கலசாமி

*

கெடா.
1931 மார்ச் 1

அன்புள்ள மாமாவுக்கு,

ஆத்தாவிடம் சொல்ல வேண்டாம். எனக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகிறது.

துரை எங்கள் பெயரில் பாதியை ஒரே நாளில் அடித்துவிட்டார். ஊருக்குப் போகிறவர்களுக்கு இலவசமாகக் கப்பல் என்றார். எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர்தான் பாக்கி. அப்போது உங்கள் ஏடு ஞாபகம் வந்தது. ஊரில் கால் வைத்தவுடன் நான் வேலை இல்லாதவன். அற்புதமேரி என்னைப் பார்க்கும்போது நான் மறுபடி யூதாஸின் மஞ்சள் அங்கியோடு யாரோ வீட்டு வாசலில் சோற்றுக்கு நிற்பேன். வரிசையை விட்டு ஓடினேன். வேலை தேடி ஓடினவர்கள் உண்டு. இலவசக் கப்பலைக் கண்டு காட்டுக்குள் ஓடினவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கங்காணி ஆள் விட்டுத் தேடினார். தாடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அடையாளம் தெரியாமல் போய்விட்டார்கள்.

இப்போது ஆற்றோரம் மரவள்ளி போட்டிருக்கிறேன். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரிக்கு மாற்றமாக அதன் கீரை. இந்த வருஷம் நான் இருக்கிற தபசைப் போல நம் பங்குச் சாமியாரும் இருந்திருக்க மாட்டார்.

உங்களிடம் ஒரு நியாயம் கேட்க வேண்டும். வேலை இல்லாதவன், வேலையே இல்லாத ஊரில், ஊருக்கு வெளியே இருந்தால், அவன் யூதாஸ் கணக்கில் வருவானா? ஏட்டைப் பார்த்து எழுதுங்கள்.

லூர்துநாதன்

*

சவேரியார்பட்டி.
1931 ஏப்ரல் 14

லூர்துநாதனுக்கு,

ஏட்டை மூன்று முறை பார்த்தேன். ஊர் எல்லைக்கு வெளியே இல்லாத வேலையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆகவே நீ யூதாஸ் இல்லை. ஆனால் வேலையும் இல்லை. ஆகையால் மாப்பிள்ளையும் இல்லை.

அற்புதமேரியைக் கேட்டு இரண்டு இடம் வந்தது. இரண்டும் கூடாது என்றுவிட்டாள். காரணம் கேட்டால் கோழிக்குத் தவிடு வைக்கப் போய்விடுகிறாள். உனக்குச் சொல்லச் சொல்லி அவள் ஒன்றும் சொல்லவில்லை. தபால்காரர் இலுப்பூரிலிருந்து கிளம்பும்போதே இவளுக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வெறும் கிழங்கே தின்னாதே. வயிற்றுக்கு ஆகாது.

அடைக்கலசாமி

*

சவேரியார்பட்டி.
1935 ஜனவரி 28

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள லூர்துநாதனுக்கு,

உனக்கு வேலை திரும்பக் கிடைத்து, இப்போது சின்னக் கங்காணியாகவும் ஆகிவிட்டாய் என்று கேட்டுச் சந்தோஷம். போன வைகாசியில் உன் ஆத்தா வந்து பெண் கேட்டபோது நான் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

இங்கே நிலைமை தலைகீழாகிவிட்டது. நாகப்பட்டினத்தில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்று தண்டோரா போட்டதுதான் தாமதம், நாற்பது சேவகர்களில் முப்பத்தெட்டுப் பேர் கப்பல் ஏறிவிட்டார்கள். மத்தளக்காரன் ராக்கன் கண்டிக்குப் போய்விட்டான். மிச்சம் இருக்கும் இரண்டு சேவகர்களில் ஒருவனுக்குக் காது கேட்காது. பிலாத்து தன் கைக்குத் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டு, துடைக்கத் துணி இல்லாமல் அங்கியிலேயே துடைத்துக்கொள்கிறார்.

போன வருஷம் யூதாஸுக்கு ஆளே இல்லை. வேறு வழி இல்லாமல் தலைச் சீஷர் இராயப்பர் வேஷம் கட்டுகிற பிச்சைமுத்துவையே யூதாஸாகவும் நடிக்கச் சொன்னேன். ஆண்டவரை முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டு, அங்கியை மாற்றிக்கொண்டு ஓடி வந்து, அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார். சேவல் கூவியது. சனங்கள் கல்லை எடுத்துவிட்டார்கள்.

ஊரில் இப்போது வேலை இல்லாதவன் ஒருவனும் இல்லை. வேலை வந்ததால் அல்ல, ஆள் போனதால். ஆகவே ஒரு வேண்டுகோள். இரண்டு மாதம் லீவு வாங்கிக்கொண்டு வா. உன்னைப் போல் அந்த முத்தத்தைக் கொடுக்க ஆள் இல்லை. நீ கட்டிய மூன்று வருஷமும் பெண்கள் அழுதார்கள். ஏட்டுக்கு விரோதம்தான், வேலை உள்ளவன் கட்டக்கூடாது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடைக்கலசாமி

*

கெடா.
1935 பிப்ரவரி 24

மாமாவுக்கு,

வைகாசியில் நீங்கள் சொன்னதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஆத்தா வாத்தியாரைப் பிடித்து அப்படியே எழுதச் சொல்லி அனுப்பினாள். ‘அக்கரைக்குப் போனவன் அங்கிட்டே இருந்துக்கிறட்டும், எம் மகளைக் கடல் தாண்டி அனுப்ப மாட்டேன்.’ அந்த ஊரில் இருக்கிற ஒரே வாத்தியார் நீங்கள்தான். உங்கள் சொல்லை உங்கள் கையாலேயே எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

ஊரில் இருந்தால் வேலை இல்லை என்கிறீர்கள். வேலை இருக்கிற இடத்தில் இருந்தால் ஊரில் இல்லை என்கிறீர்கள். வேலையும் இருந்து ஊரிலும் இருக்கிற மாப்பிள்ளை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ராஜா ஒருத்தர்தான். அவரிடம் போய்க் கேளுங்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் யூதாஸாகக்கூடாது என்று கப்பலை விட்டேன், கிழங்கு தின்றேன். இப்போது நல்ல வேலையில் இருக்கிறவனை, வந்து யூதாஸாக நில், அதுவும் இன்னொரு வருஷம் பெண் கேட்காமல் நில் என்று கூப்பிடுகிறீர்கள். வர மாட்டேன். தாடியும் வராது.

பெண் தருகிறேன் என்று ஒரு வரி எழுதினால் அன்றைக்கே கிளம்புவேன். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

லூர்துநாதன்

*

சவேரியார்பட்டி.
1937 மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

சேசு மரி சூசை துணை.

மருமகப்பிள்ளை லூர்துநாதனுக்கு,

இரண்டு வருஷம் உன் சொற்படி எழுதாமல் இருந்தேன். இப்போதும் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் தாடி காகிதத்தில் படுகிறது. ஆட்டு மயிர்த் தாடி உன்னிடம் இருப்பதால் சொந்தத் தாடியை வளர்க்க வேண்டியதாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அறுபது பிள்ளைகள் படித்த இடத்தில் ஏழு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் தாய் தகப்பனோடு உன் பக்கமும் கண்டிப் பக்கமும் போய்விட்டார்கள். ஏழு பேருக்கு ஒரு வாத்தியார் எதற்கு என்று மேலே கேட்டார்களாம். நியாயமான கேள்வி. தபசு தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் ஏட்டைப் புரட்டினேன். வேலை இல்லாதவன் கட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. அண்ணாவியார் நீங்கலாக என்று எங்கேயும் இல்லை. ஊரில் வேலை இல்லாதவன் நான் ஒருத்தன்தான்.

இன்றைக்கு வரை ஊர்ச் சோறு தின்றுகொண்டிருக்கிறேன். முப்பத்தொன்பது வீட்டில் பதினேழு வீட்டில்தான் அடுப்பு எரிகிறது, அதனால் முறை சீக்கிரம் சீக்கிரம் திரும்பி வருகிறது. முதல் வீட்டில் உட்கார்ந்தேன். எல்லோரும் சுற்றி நின்று என் வாயைப் பார்த்தார்கள். நான் அடித்துப் படிக்கவைத்த பையன் ஒருவன், ‘ஆத்தா, வாத்தியாரு மூணாந்தரம் கொழம்பு வாங்குறாரு’ என்றான். லூர்து, அந்தச் சோறு இறங்கவில்லையப்பா. வயிறு நிறைந்தால் பேராசைக்காரன் என்று தெரியும் என்று என் பாட்டனார் எழுதிவைத்தார். அவர் ஒரு வருஷமும் அந்த வேஷம் கட்டினதில்லை. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் பேராசையால் அதைக் கட்டியவன் எவனும் இல்லை, கப்பல் ஏறியவனும் இல்லை. இதை அறுபது வயதில்தான் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

என் வீட்டு முறை வந்தது. அற்புதமேரி இலை போட்டுச் சோற்றை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

‘ஏம்மா அங்கிட்டுப் போயி நிக்கிறே?’ என்றேன்.

‘யூதாசு சாப்பிடுறப்ப யாரும் பாக்கக்கூடாதுப்பா. பாத்தா எறங்காது. லூர்து மச்சான் சாப்பிடுறப்பவும் இப்படித்தான் நிப்பேன். அது மட்டுந்தான் இந்த ஊருல எனக்குத் தெரிஞ்ச நியாயம்’ என்றாள்.

அன்றைக்கு நான் இலையில் உப்புப் போட்டுக்கொள்ளவில்லை, தேவைப்படவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் குறை ஒன்றும் இல்லை. இந்த ஊரிலிருந்து கப்பல் ஒவ்வொருவராகக் கொண்டுபோய்விட்டது. என் மகளையும் கொண்டுபோய்விடுமோ என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு ஏட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டேன்.

நேற்று உன் ஆத்தா வீட்டு முறை. உட்கார்ந்தேன். அவளும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். யூதாஸ் வீட்டுக்குப் பெண் கேட்டு யாரும் வரக்கூடாது என்பது கட்டு. யூதாஸ் போய் மாப்பிள்ளை கேட்கக்கூடாது என்று எந்த இடத்திலும் இல்லை. ஏடு என்னிடம்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அதனால் கேட்டேன்.

‘அருளு, ஒம் மகனை எம் மகளுக்குத் தாரியா?’

திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே, ‘சாப்பாட்டை முடிங்கண்ணே, யோசிச்சுச் சொல்றேன்’ என்றாள். ஏழு வருஷம் அலையவிட்டவனை அரை நாழிகையாவது காக்கவைக்க வேண்டும் அல்லவா? பிறகு அழுதுகொண்டே மறுபடி சோறு போட்டாள். அதைத் தின்றேன்.

நீ கேட்ட ஒரு வரி இதுதான்: பெண் தருகிறேன். அவளைக் கடல் தாண்டிக் கூட்டிப்போனாலும் சரி. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அடைக்கலசாமி

*

கெடா.
1937 ஏப்ரல் 8

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இந்த முறை உரக்கப் படிக்கவில்லை. மரத்தடியில் தனியாக உட்கார்ந்து படித்தேன். மரத்துக் கோப்பைகளில் பால் நிரம்பி வழிந்து, துரை வந்து கத்தினார். கத்தட்டும். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, எதை முதலில் முடிப்பது என்று தெரியவில்லை.

அன்றைக்கே கிளம்புவேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அன்றைக்கே பெயரை வெட்டிவிட்டேன். அடுத்த கப்பல். ஆனால் அற்புதமேரியை இங்கே கூட்டிவரப்போவதில்லை. லயத்தில் ஒரு அறைக்கு ஆறு பேர் படுக்கிறோம். ரப்பர் விலை மறுபடி எப்போது விழும் என்று துரைக்கே தெரியாது. எங்கே இருந்தாலும் வேலை போகும் என்றால், உங்கள் முகத்துக்கு எதிரிலேயே போகட்டும். கண்மாயில் தண்ணீர் இருந்தால் உழுகிறேன். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது உங்கள் ஏடு.

அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஊரில் வேலை இல்லாதவர் நீங்கள் ஒருத்தர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வந்து இறங்கினால் இரண்டு பேர். வயதுக்கு மரியாதை கொடுத்து நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். சிரைத்துக்கொள்ளுங்கள், பழைய தாடி பத்திரமாக வருகிறது. கல்யாணம் ஆனவன் பெண் கேட்டுப் போக வேண்டியதில்லை, ஆகையால் அடுத்த தபசுக்கு யூதாஸ் நான்தான்.

ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு முறை வரும் நாளில் எனக்கு இலை போட அற்புதமேரி அங்கே இருக்க மாட்டாள். நீங்கள்தான் போட வேண்டும். போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுங்கள்.

உங்கள் மருமகன்,
லூர்துநாதன்